பெண் பார்க்க வந்த இடத்தில் பன்னிரண்டு ஜோடிக் கைகள்

புதிதாகக் கேமரா வாங்கியவனை ஒரு வருஷத்துக்கு எந்த நல்ல காரியத்துக்கும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும், சாப்பாடு போட்டு, பூட்டிய அறையில் உட்கார வைப்பது உத்தமம். இதை ஏதோ வேதாந்தமாகச் சொல்லவில்லை. என் சொந்த அக்காவின் கல்யாணப் பேச்சை ஒரே காலையில் எழவு வீடாக மாற்றிக் காட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு மலைமேல் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, "ராத்திரி குளிருமா?" என்று கேட்பவர்களிடம் "குளிரும்" என்று சொல்வது. இந்தக் கடும் உழைப்புக்கு நடுவில் ஒரு பழைய கேமராவை வாங்கினேன். வாங்கியதோடு நிற்காமல் ஈப்போவுக்குப் போய் ஒரு புகைப்பட வகுப்பிலும் சேர்ந்தேன். அங்கே தாடி வைத்த மாஸ்டர் ஒருவர், தேநீர் இடைவேளைக்குப் போகிற அவசரத்தில், "முகம் பொய் சொல்லும். கை பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வகுப்பில் என் மண்டையில் ஏறியது அந்த ஒரு வாக்கியம்தான். (படம் மங்கலாக விழாமல் எடுப்பது எப்படி என்றும் அவர் சொல்லியிருப்பார். அது ஏறவில்லை.)

மலையேறி வீடு வந்து சேர்வதற்குள் நான் கலைஞன் ஆகிவிட்டேன். எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மண்டோர், அதாவது மேஸ்திரி. பிறந்ததிலிருந்து என்னைச் சுற்றி உழைக்கிற கைகள்தான். அவற்றையெல்லாம் கறுப்பு வெள்ளையில் எடுத்து, 'உழைக்கும் கரங்கள்' என்று தலைப்புக் கொடுத்து, உலகத்தை அழ வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிற்பாடு அழத்தான் செய்தார்கள். நான் நினைத்த காரணத்துக்காக அல்ல.

முதலில் வசந்தா அக்காவிடம் போனேன். எங்கள் லயத்தில் கடைசி வீடு. கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர். இலைச்சாறு ஏறிக் கறுத்த விரல்கள் அவருக்கு. அந்தக் கறுப்பை எடுக்கத்தான் நான் போனது. படம் எடுக்கிற நாளில் அவரோ கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மருதாணி வைத்து, பத்து விரலுக்கும் சிவப்பு நகச்சாயம் பூசி, பக்கத்து வீட்டு மோதிரங்களையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, சாதாரணமா வேல செய்யிற மாதிரி வேணும்க்கா. அழுக்கோட."

"என்னடா தம்பி பேசுற? படம்னா நாலு பேரு பாப்பாங்கல்ல. அழுக்குக் கையோட நிக்க எனக்கு என்ன தலையெழுத்தா? எடு லா, சும்மா."

எடுத்தேன். கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி, பேனா இல்லாமல் தன் கையைப் படம் எடுக்கக் கூடாது என்றார். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், ரொட்டி மாவு பிசைந்துகொண்டே, "சீக்கிரம் எடு, கஸ்டமர் நிக்கிறான்" என்று இரண்டு கையையும் மாவோடு நீட்டினார். வங்காள தேசத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ரஃபீக் மட்டும்தான் நான் சொன்னபடியெல்லாம் நின்றான். கத்தரியைப் பிடித்தான், கூடையைப் பிடித்தான். கடைசியில் கேமராவின் திரையைப் பார்த்துவிட்டு மலாயில், "முக்கா மானா, அபாங்?" என்று கேட்டான். (முகம் எங்கே அண்ணே?) முகம் பொய் சொல்லும் என்று அவனுக்கு விளக்கினேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஊருக்கு அனுப்பினால் வெறும் கையைப் பார்த்து அது தன் மகன்தான் என்று அம்மா எப்படி நம்புவாள் என்று கேட்டான். நியாயமான கேள்வி. கலைஞனுக்கு அதெல்லாம் காதில் விழுமா?

அப்பா மறுத்துவிட்டார். "கையப் படம் எடுத்து என்னடா பண்ணப் போற? ரேக பாக்கப் போறியா?" என்றார். அதனால் பதினோரு ஜோடிதான் தேறியது. சட்டம் போடுகிற கடைக்காரரோ டஜன் கணக்கில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஆகவே பன்னிரண்டாவது ஜோடிக்கு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். என்ன ஏற்பாடு என்று இப்போது சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் ஊர் கூடி என் வாயைப் பிடுங்கியது.

இனி அக்கா கதைக்கு வருகிறேன். கலா அக்காவும் தாப்பாவில் மோட்டார் பட்டறை வைத்திருந்த தேவனும் பல வருஷமாக ஒருவரையொருவர் விரும்பினார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரியும், யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இடையில் நின்றது சகுனம்தான். தேவனின் அம்மா ராசம்மா அத்தை தங்கமான மனுஷி, ஆனால் சகுனம் சரியில்லை என்றால் பால் வாங்கக்கூட வாசல் தாண்ட மாட்டார். முதல் தடவை பெண் பார்க்கக் கிளம்பியபோது பூனை குறுக்கே போனது. இரண்டாம் தடவை யாரோ தும்மினார்கள். இரண்டு தடவையும் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். "மூணாவது வாட்டியும் தடங்கல் வந்தா சாமியே வேணாங்குதுன்னு அர்த்தம். அப்புறம் இந்தப் பேச்சே வேணாம்" என்று தேவனிடம் சொல்லியிருந்தார்.

ஆகவே அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டார்கள். லயத்து வீட்டில் இரண்டு குடும்பம் உட்கார இடம் போதாது என்று தோட்டத்து மண்டபத்தில் ஏற்பாடு. "நீதான் பெரிய கலைஞனாச்சே, மண்டபத்தக் கொஞ்சம் அழகு பண்ணு" என்றார் அம்மா. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட முதல் ஆள் என் அம்மாதான்.

அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "டேய், இன்னிக்கு மட்டும் ஏதாச்சும் கோளாறு பண்ணின, எனக்கு ஆயுசுக்கும் தேவன் கெடையாது. புரியுதா?" சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. அதனால்தான் கூடுதல் அக்கறையோடு வேலை பார்த்தேன்.

அதிகாலையிலேயே போய் மண்டபத்தில் ரோஸ் பலூன்கள் கட்டினேன். சுவர் வெறிச்சென்று இருந்தது. சும்மா இருக்க முடியுமா? கறுப்புச் சட்டம் போட்டுத் தயாராக இருந்த என் பன்னிரண்டு படங்களையும் தலைப்பு அட்டையோடு வரிசையாக மாட்டினேன். பெண் வீட்டுக்காரர்கள் உழைப்பை மதிக்கிறவர்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியட்டுமே என்ற நினைப்பு. வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் வாசலில் மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும் என்று திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பனிடம் செவ்வந்தி மாலைகள் சொல்லியிருந்தேன். கலர் பூவெல்லாம் லோரி ஏறிப் போய்விட்டது என்று அவன் வெள்ளையில் கட்டிக் கொடுத்திருந்தான். (வெள்ளை என்றால் என்ன, பூ பூதானே?) மாலைப் பெட்டியைப் படங்களுக்குக் கீழே வைத்துவிட்டு, வேனுக்கு வழிகாட்ட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போனேன்.

நான் போன பிறகுதான் முத்தையா அண்ணன் வந்திருக்கிறார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கொஞ்ச நாளாக ஈப்போவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். எங்கள் மண்டபத்தில் கல்யாணங்களைவிடக் கருமாதிகள்தான் அதிகம். எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னின்று செய்வார். கதவைத் திறந்திருக்கிறார். சுவரில் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். கீழே பெட்டியில் வெள்ளை மாலைகள். அவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

பிற்பாடு நான் கேட்டபோது, பாவம், அழாக்குறையாகச் சொன்னார்: "படம் பன்னெண்டு, மாலையும் பன்னெண்டு தம்பி. கணக்கு சரியா இருந்துச்சு. துக்கத்துல இருக்கறவங்ககிட்டப் போயி யாரு என்னான்னு நான் கேட்டதே இல்ல லா. கேட்டா மனசு நோவும்."

ஆக, நான் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டு வருவதற்குள் அவர் எல்லாப் படத்துக்கும் மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, கீழே விளக்கேற்றி, சாம்பிராணியும் போட்டுவிட்டார். எழவுக்கு எதற்குப் பலூன் என்று அவற்றை மட்டும் கழற்றி மூலையில் ஒதுக்கியிருந்தார்.

வேன் வந்து நின்றது. மலைப்பாதை வளைவுகளில் குடல் புரண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு இறங்கினார் ராசம்மா அத்தை. அவருடைய இரண்டு தங்கைகள், தேவன், இன்னும் சில சொந்தக்காரர்கள். "வழியில பூனகீன ஒண்ணும் வரல" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழத்தட்டுகளையெல்லாம் நானே தூக்கிக்கொண்டு, அவர்களை முன்னால் போகச் சொல்லி, பின்னால் நடந்தேன். தலைக்கு மேல் அன்னாசிப்பழம் இருந்ததால் எனக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை.

வாசலிலேயே அத்தை நின்றுவிட்டார். உள்ளேயிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. மண்டபத்தைச் சுத்தம் செய்கிறார்கள்போல, நல்ல ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தன பேருப்பா?" என்று அத்தை மெல்லிய குரலில் கேட்டார்.

என் படங்களைக் கவனித்துவிட்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. "பன்னெண்டு பேரு அத்த!" என்றேன்.

"ஐயோ... எல்லாம் இந்த எஸ்டேட்டா?"

"பாதிப் பேரு எஸ்டேட்டு, மீதி டவுனு அத்த."

அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கை மட்டுந்தான் கெடச்சுதா?"

"மொகம் வேணாம்னு நாந்தான் அத்த விட்டுட்டேன். கைதான் நல்லா இருந்துச்சு."

அத்தையின் பெரிய தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். எழவு வீட்டு வாசலை மிதித்தால் அழாமல் திரும்புவது வழக்கமில்லை. அதுவும் தாப்பாவில் அவர் ஒப்பாரிக்குப் பேர் போனவர் என்று பிற்பாடு தெரிந்தது. மூவரும் தோளில் தோள் சேர்த்துக்கொண்டார்கள். வசந்தா அக்காவின் சிவப்பு நகச்சாயம் கறுப்பு வெள்ளையில் கன்னங்கறுப்பாக விழுந்திருந்தது. "நகமெல்லாங் கருத்துப் போச்சே, என்ன நஞ்சு தின்னியோ" என்று ஒருவர் பாடினார். காதர் பாயின் மாவுக் கையைப் பார்த்து, "வெளுத்துக் கெடக்குற கையே" என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். முத்தையா அண்ணன் ஓரமாக நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அன்னாசிப்பழம் உருண்டு விளக்கடியில் போய் நின்றது.

ஒப்பாரி என்றால் எங்கள் லயத்தில் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வருவார்கள். வந்தார்கள். முதல் ஆள் வசந்தா அக்கா. "யாரு போனது, யாரு போனது?" என்று மாரில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தவர், மாலை போட்ட முதல் படத்தின் முன்னால் அப்படியே நின்றார். மருதாணியைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார்.

"அடப்பாவி, இது என் கை லா!"

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. ராசம்மா அத்தை வசந்தா அக்காவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி வசந்தா அக்காவைப் பார்த்தார். விஷயம் விளங்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. முகம் சிவந்துபோனது. "உசிரோட இருக்கறவங்களுக்கு மாலையா? நல்ல காரியத்துக்கு வந்தவள அழ வெச்சுட்டீங்களேப்பா. இதவிட ஒரு தடங்கல் வேணுமா? தேவா, வண்டிய எடு."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா கேசரிக் கரண்டியோடு ஓடி வந்தார். தேவன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கும். அத்தை வேன் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்தது. நிஜமாகவே வந்தது.

கலா அக்கா லயத்திலிருந்து பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பெண் பார்க்கும் நாளில் பெண் அப்படி ஓடி வரக் கூடாது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, யாரும் சாகல அத்த. சாவே இல்லாத எடத்துல கெட்ட சகுனம் எங்கேருந்து வரும்? ஒங்களுக்குச் சந்தேகமா இருந்தா பன்னெண்டு பேரையும் வரச் சொல்றேன். நீங்களே கையப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அத்தை யோசித்தார். தேவன் வண்டிச் சாவியை எங்கோ தொலைத்துவிட்டதாகச் சொன்னான். (அவன் சட்டைப் பையில் அது நன்றாகத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.) கடைசியில் அத்தை காலைக் கீழே வைத்தார். "சரி. ஒவ்வொரு கையா நான் பாக்கணும். அவங்கவங்க மாலைய அவங்கவங்க கையாலயே கழட்டணும். ஒரு மால தங்கிச்சுன்னாலும் நான் கெளம்பிருவேன்."

அதன் பிறகு நான் மோட்டாரில் பறந்த பறப்பு எங்கள் மலை காணாதது. காதர் பாய் கடையில் நல்ல கூட்டம்.

"பாய், நீங்க உசிரோட இருக்கீங்கன்னு வந்து காட்டணும்."

"காலையிலேருந்து ஒரு வாய் பசியாற நேரமில்லாம நிக்கிறேன். இதுல உசிரோட இருக்கேன்னு வேற காட்டணுமா?" என்றார். ஆனாலும் அக்கா பேரைச் சொன்னதும் மாவுக் கையோடு பின்னால் ஏறிக்கொண்டார். என் முதுகில் அந்தக் கைத்தடம் கல்யாணத் தேதி குறிக்கும்வரை இருந்தது. கிராணி அதே பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். ரஃபீக் ஓடி வந்தான்.

மண்டபத்தில் அணிவகுப்பு நடந்தது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கையாகப் பிடித்து, படத்தோடு ஒப்பிட்டு, "சரி, கழட்டு" என்றார். மச்சம், தழும்பு, வளைந்த சுண்டுவிரல் எல்லாம் பார்த்தார். ரஃபீக் தன் மாலையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இப்போதாவது முகத்தோடு எடு என்று என்னிடம் கேட்டான். இதையெல்லாம் எதற்குத்தான் எடுத்தாய் என்று அத்தை என்னைக் கேட்டார். "மொகம் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது அத்த" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைசியில் ஒரு மாலை தங்கியது.

சாவியைப் பிடித்திருக்கிற இரண்டு கைகள். யாரும் முன்னால் வரவில்லை. அத்தையின் முகம் மாறியது. கூட்டம் படத்தை நெருங்கி ஆராய்ந்தது. "பொம்பள கை மாதிரி இருக்கு" என்றார் முத்தையா அண்ணன். "பொம்பள கையா? எந்தப் பொம்பளைக்கு இப்படி இருக்கும்? ஒரு நாளு வேல செஞ்ச கை இல்ல இது" என்றார் வசந்தா அக்கா. "மேனேஜர் வீட்டுக் கொழந்த கையா இருக்கும்" என்றார் கிராணி. அப்பா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"யாருதுன்னு தெரியாட்டி அந்த ஒண்ணு போயிருச்சுன்னுதான் அர்த்தம்" என்று அத்தை எழுந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

என்ன செய்வது? இரண்டு கையையும் தூக்கினேன்.

"என்னுதுதான் அத்த."

'உழைக்கும் கரங்கள்' என்ற தலைப்பு அட்டை என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கிராணி அதைச் சத்தமாக ஒரு முறை படித்தார். (படிக்காமல் இருந்திருக்கலாம்.)

அத்தை என்னிடம் வந்தார். என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இடது கையையும் பார்த்தார். "பஞ்சு" என்றார். அப்புறம் அவருக்கு உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. தங்கைகள் இருவரும் தொற்றிக்கொண்டார்கள். வசந்தா அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். என் அப்பா பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் தோட்டத்தில் பல பேர் பார்த்தார்கள். என் கூச்சத்தையும் மீறி நானும் சிரித்தேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

"கழட்டு அந்த மாலைய" என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உசிரோட இருக்கறவங்களச் செத்ததா நெனச்சு அழுதா ஆயுசு கெட்டியாகும்னு சொல்லுவாங்க. எந் தங்கச்சி அழுத அழுகைக்கு இந்த எஸ்டேட்டே நூறு வருசம் இருக்கும். தட்ட எடுத்துட்டு வாங்க, நேரம் போவுது."

தட்டு மாற்றினார்கள். அன்னாசிப்பழத்தில் மட்டும் ஒரு பக்கம் கரி ஏறியிருந்தது. பெரியவர்களோடு சேர்ந்து அந்தப் பதினோரு பேரும் மஞ்சள் அரிசி தூவினார்கள். என்னைத் தூவ விடவில்லை.

கல்யாணத்துக்கு ஈப்போவிலிருந்து படம் எடுக்க ஆள் வந்தபோது, என்னைக் கேமரா பக்கம் விட வேண்டாம் என்று இரண்டு வீட்டாரும் தனித்தனியே அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ராசம்மா அத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால், சௌக்கியமா என்று கேட்பதில்லை. "எல்லாருக்கும் ரெண்டு கையும் நல்லா இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன வருஷம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மத்தியானம் நான் ஹோட்டல் மேசையில் இருந்தபோது தேவன் மச்சான் படம் அனுப்பினார். கறுப்பு வெள்ளையில், சின்னஞ்சிறு கை ஒன்று. அது மட்டும்தான். "முகம் எங்கே மச்சான்?" என்று கேட்டு அனுப்பினேன். பதிலுக்கு அத்தையின் குரல் வந்தது: "மொகம் பொய் சொல்லுமாம்லா. கையப் பாத்துக்கப்பா." எவ்வளவு கெஞ்சியும் அனுப்பவில்லை. சாவி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சாவியோடு அந்தக் கையையும் காட்டிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் மலையிறங்கி மருத்துவமனைக்கு ஓடினேன். முகம் அப்படியே அக்கா. அத்தை குழந்தையை என் மடியில் வைத்து, அதன் உள்ளங்கையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"மாமன் கை" என்றார்.